கைக்குழந்தையுடன் ஆகாயப் பயணமா?

"மதுரையிலிருந்து சென்னைக்கு பிளேனில் ஒரு மணி நேரம்தானே! கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம்" என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குத்தானே தெரியும் கஷ்டம்! முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டால் கஷ்டம் பாதியாகக் குறையும்.

முதலில் கணக்கைப் பார்ப்போமா? ரயிலில் இந்தத் தூரம் ஏறத்தாழ 495 கிலோ மீட்டர். ஆகாயத்தில் நேர்கோடாக அளந்தால் சுமார் 420. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருப்பதில், ஓடுபாதையில் ஊர்ந்து போகிற நேரமும் சேர்த்தி. பறப்பது சுமார் ஒரு மணி நேரம்தான்.

ஆனால் குழந்தையின் வயிற்றுக்கு டிக்கெட் கணக்கு செல்லாது! புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பல நிறுவனங்கள் கவுன்டரை மூடிவிடுவதால், இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. ஊரிலிருந்து விமான நிலையம் போக அரை மணி, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுக்க அரை மணி, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி. ஆக மொத்தம் ஐந்து மணி நேரம்! பால், வெந்நீர், மாற்றுத் துணி எல்லாம் இந்தக் கணக்குப்படி கைப்பையிலேயே இருக்கட்டும். இரண்டு வயதுக்குள் என்றால் மடியில்தான் பயணம். பிறப்புச் சான்றிதழை மறக்க வேண்டாம்.

இனி காது விஷயம். கொடைக்கானல் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? மூன்று மணி நேரத்தில் இறங்குகிறபோதே அப்படி. விமானமோ இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் தரைக்கு வந்துவிடும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் குழந்தைகளுக்கு ரொம்பக் குறுகல். விழுங்கும்போதுதான் அது திறந்து அழுத்தம் சமமாகும். காதில் பஞ்சு வைத்துப் பலனில்லை.

ஆகவே:

1. ஏறியதும் வயிறு முட்டப் பால் கொடுத்துவிடாதீர்கள். பாதியை நிறுத்தி வையுங்கள். இது குட்டிப் பயணம். மேலே போய்ச் சற்று நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். அப்போதுதான் வலி அதிகம். மீதிப் பாலை அப்போது கொடுங்கள்.

2. தூங்குகிற குழந்தை சரியாக விழுங்காது. இறங்கப் போவதாக அறிவித்ததும் மெதுவாக எழுப்புங்கள்.

3. பாட்டில் பால் என்றால் தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். பெரிய குழந்தைகளுக்குத் தண்ணீர் ஒவ்வொரு வாயாகக் கொடுக்கலாம். சின்னதுகளுக்கு மிட்டாய் வேண்டவே வேண்டாம். புரையேறிவிடும்.

4. சளியோ காதுவலியோ இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். தூங்க வைக்க என்று நீங்களாக மருந்து கொடுப்பது ஆபத்து. டாக்டர் வேண்டாமென்றால் இரவு ரயில் இருக்கவே இருக்கிறது. பெர்த்தில் தூளி கட்டினால் போயிற்று!

அப்படியும் குழந்தை வீறிட்டு அழுகிறதா? பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், கூனிக் குறுகாதீர்கள். அழுதாலும் அந்தக் குழாய் திறக்கும், வலியும் குறையும்.