தலைப்பாகை யார் தலையில்?

மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் மே 9 அன்று நடைபெறும் இராணுவ அணிவகுப்பின் படக்காட்சிகளை இலக்கிய நண்பர்கள் சிலர் பரவசத்துடன் காட்டுகிறார்கள். பொன்னிழைத் தோள்பட்டைகள், வெண்ணிறக் கையுறைகள், ஒரே கோட்டில் உயரும் பூட்சுகள். "ஒழுங்கின் அழகு இதுவன்றோ? நமக்கு இது வாய்க்குமா?" என்று பெருமூச்சும் விடுகிறார்கள். தல்ஸ்தோயை எங்களுக்கு முன்பே படித்துவிட்டவர்கள் அவர்கள். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

தல்ஸ்தோய் 1903இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1911இல் வெளியான 'நடனத்துக்குப் பின்' சிறுகதையை அவர்கள் மறந்திருக்க முடியாது. இரவு நடன அரங்கில் கர்னல் ஒருவர் வலக்கையில் மென்தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, தன் மகளோடு ஆடுகிறார். காண்போர் உள்ளம் உருகுகிறது. விடிந்ததும் திடலில் முரசும் குழலும் ஒலிக்கின்றன. இரு வரிசையாகச் சிப்பாய்கள் நிற்க, தப்பியோட முயன்ற தாத்தாரியன் ஒருவனை நடுவே இழுத்துச் சென்று அடிக்கிறார்கள். மெதுவாக அடித்துவிட்ட ஒரு சிப்பாயைக் கர்னல் முகத்தில் அறைகிறார். அறையும் கையிலும் மென்தோல் கையுறைதான். சீருடையின் அழகைப் பற்றி இதற்கு மேல் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புரட்சி இதை அறிந்தே இருந்தது. 1917 டிசம்பரில் பதவிப் பெயர்களோடு தோள்பட்டைகளையும் ஒழித்தது. 1943 ஜனவரியில் அவையே செஞ்சேனையின் தோள்களில் மீண்டும் ஏறின. போர்க்காலத் தேவை என்பார்கள், இருக்கட்டும். 1941 நவம்பர் 7 அன்று, பகைவன் மாஸ்கோவை நெருங்கிய வேளையில், குளிர்க்கோட்டணிந்து சதுக்கத்தைக் கடந்து அப்படியே போர்முனைக்குச் சென்றவர்களை நாங்களும் வணங்குகிறோம். அவர்கள் விழா உடுப்பு அணிந்திருக்கவில்லை என்பதை மட்டும் நண்பர்கள் நினைவில் கொள்வார்களாக.

நமக்கு இது வாய்க்குமா என்ற கேள்விக்கு வருவோம். வாய்த்தது, ஐயா. 1805 நவம்பரில் சென்னைப் படைக்கு ஓர் ஆணை பிறந்தது. அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் தாடியை மழித்திருக்க வேண்டும். சீருடையில் நெற்றிக் குறி கூடாது. தோல் குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையும் வந்தது. முணுமுணுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் அணிவகுப்புப் பயிற்சி நடப்பதாக இருந்தது. அதற்காகவே சிப்பாய்கள் முந்தைய இரவு கோட்டைக்குள் தங்க வைக்கப்பட்டார்கள். அணிவகுப்பு நடக்கவில்லை, கிளர்ச்சி நடந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அதை அடக்கிய பின் சிப்பாய்களின் பிணங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அந்தத் தலைப்பாகை பின்னர் கைவிடப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். கிளர்ச்சிக்குத் தலைப்பாகை மட்டுமே காரணமென்று கூறும் அளவுக்கு நாங்கள் பேதைகள் அல்லர். திப்புவின் மக்கள் அக்கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் தெரியும். ஆயினும் ஒருவன் தலையில் எதை வைப்பது என்பதை இன்னொருவன் முடிவு செய்தல் ஆட்சியின் அடையாளம் என்பதை அச்சிப்பாய்கள் நம்மினும் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

இனி மதுரை. குடியரசு நாள் காலையில் ஆயுதப்படை மைதானத்திற்குச் சென்று பாருங்கள். கொடியேற்றி மரியாதையை ஏற்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலக உடுப்பில் எளிமையாகவே வருகிறார். அவருக்குப் பின்னால் வெண்ணிற உடுப்பு, தலைப்பாகை, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை என்று ஒருவர் நிற்பார். அந்த மேடையில் அரசரைப்போல் அலங்கரிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. அங்குள்ளோரில் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரும் அவராகவே இருப்பார். டவாலி என்பது அந்தப் பட்டையின் பெயர். நாம் மனிதரையே டவாலி என்று அழைக்கிறோம். வாரின் பெயரால் ஆளைக் கூப்பிடும் இவ்வழக்கம் எவருக்கும் உறுத்தவில்லை.

இந்நாட்டு மன்னர்களும் பாளையக்காரர்களும் சூடிய பாகையை வெள்ளையன் வாயிற்காவலன் தலையில் வைத்தான். நேற்றுவரை ஆண்டவன் உடுப்பை இன்று கதவு திறப்பவன் அணிகிறான் பார் என்று சொல்லாமல் சொன்ன செய்தி அது. அவன் போய்விட்டான், செய்தி நிற்கிறது. நட்சத்திர விடுதிகளும் அதே பாகையை வாயிற்காப்போனுக்கு அணிவித்து, மீசையை முறுக்கச் சொல்கின்றன.

மரபு என்பார்கள். மதுரைக்காரர்களுக்கா உடை மரபைக் கற்பிப்பது? சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்குகையில் கொண்டையும் கடுக்கனும் தடியுமாகக் கள்ளர் கோலம் பூண்டே வருகிறார். ஆற்றில் இறங்கும்போது அவர் உடுத்தும் பட்டின் நிறத்தைக் கொண்டு ஆண்டின் பலனைக் கணிக்கும் ஊர் இது. தெய்வம் தன் குடிகளின் உடையைத் தானே ஏற்கிறது. தன் உடையை எவர்மீதும் திணிக்கவில்லை. அதே கள்ளர் மக்களைக் குற்றப்பரம்பரை என்று பதிவு செய்யச் சீருடையோடும் துப்பாக்கியோடும் பெருங்காமநல்லூருக்கு ஆட்கள் வந்தது 1920 ஏப்ரல் 3 அன்று. மாயக்காள் உள்ளிட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் இறுதியாக உடுத்தியிருந்த குருதி தோய்ந்த துணி தமுக்கத்துக் காந்தி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் அதைக் காணப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அதே பிள்ளைகளை ஜனவரி வெயிலில் ஒத்திகைக்காக மணிக்கணக்கில் நிறுத்துகிறோம். எங்களில் இருவர் அப்படி நின்று மயங்கி விழுந்தவர்கள். தண்ணீருக்கு முன் வசவு வந்தது.

டவாலிகளின் வேலை பறிபோகும் என்று அஞ்ச வேண்டாம். வேலை இருக்கட்டும், ஊதியமும் உயரட்டும். வேட்டியோ காற்சட்டையோ, மற்ற ஊழியர் அணிவதையே அவரும் அணியட்டும். நீதியரசர் கே. சந்துரு தம் முன்னே செங்கோலேந்தி ஆள் நடப்பதை வேண்டாமென்று விலக்கினார். நீதிமன்றம் இடிந்து விழவில்லை. அவர் 2013இல் ஓய்வு பெறும்வரை வழக்குகள் விரைந்து முடிந்துகொண்டுதான் இருந்தன. அடுத்த ஜனவரி 26 அன்று அம்மேடையில் ஏறப்போகும் ஆட்சியர், பின்னால் நிற்பவரிடம் முந்தைய நாள் மாலையே ஒரு சொல் சொல்லிவிடலாம். அந்தப் பாகையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். அங்கே இடம் இருக்கிறது.