பேரேட்டு இயந்திரமும் பொறுப்பாளரின் கைப்பேசியும்

மேலாண்மைப் பாடநூல்களில் 'எதிர்ப்பு' என்னும் சொல் ஏறத்தாழ ஒரு நோயின் பெயராகவே கையாளப்படுகிறது. ஊழியர் அஞ்சுகிறார், பயிற்சி அளித்தால் அச்சம் தெளியும், பின்னர் மென்பொருள் தடையின்றி இயங்கும். இந்திய வங்கிகள் கணினிமயமான வரலாறு இந்தச் சூத்திரத்திற்குள் அடங்குவதன்று.

1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், கணினி உள்ளே வந்துவிடாதபடி அலுவலகத்தைக் காவல் காத்தனர். அந்த நினைவு மங்காத நிலையில்தான் 1983இல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. கிளைகளுக்கு வந்த கருவியை யாரும் கணினி என்று அழைக்கவில்லை. 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்' என்றனர். பெயரில் சற்றுத் தந்திரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் எத்தகைய இயந்திரம், எந்த அளவுக்கு, இயக்குபவருக்கு என்ன சிறப்புப் படி என்பவை பேசி முடிவாயின. 1993இல் மற்றோர் ஒப்பந்தம் தேவைப்பட்டது.

பத்தாண்டுகள் வீணாயின என்று குறைகூறுவோர் இன்றும் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் இரவெல்லாம் விழித்துச் சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி போட்டவருக்கே, எந்தப் பேரேட்டில் பிழை ஒளிந்திருக்கும் என்பது தெரியும். அவரை இருக்கையில் வைத்துக்கொண்டே பேரேட்டை மாற்றியதற்கான விலைதான் அந்தத் தாமதம். அது மிகையான விலையன்று.

பேசுவதற்குச் சங்கம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தின் என்எம்எம்எஸ் வருகைப்பதிவுச் செயலியே சான்று. தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயமாயிற்று. இருப்பிடக் குறியுடன் நாளுக்கு இரண்டு படங்கள். அலைவரிசை கிடைக்காத ஊர்களில் படம் பதிவேறவில்லை. வேலை செய்தவருக்கு அன்றைய கூலியும் இல்லை. அதே ஆண்டு தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தினர். அதையும் 'மாற்றத்திற்கு எதிர்ப்பு' என்று வகைப்படுத்தும் ஆய்வேடுகள் வரக்கூடும்.

பணித்தளப் பொறுப்பாளர்கள் பலர் படமெடுத்தது தம் சொந்தக் கைப்பேசியில். அந்தக் கைப்பேசிக்கும் டேட்டாவுக்கும் யார் பணம் தருவது, பதிவேறாத நாளின் கூலிக்கு யார் பொறுப்பு என்று அவர்களோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை.