டூர் போகும்போது இன்சூரன்ஸ் போடணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள். லீவுக்கு எங்கேயாவது கிளம்புகிற எண்ணம் இருந்தால் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் சேலையூரிலிருந்து போன் செய்தான். "சார், மே மாசம் குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம். நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர், அப்பா அம்மா. டிக்கெட் போட்டாச்சு. டிராவல்ஸ்காரர் இன்சூரன்ஸுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் கேக்கறார். அதுல பாதிக்கு மேல அப்பா அம்மாவுக்கே போயிடுது. என் மச்சான் தண்டச் செலவுன்றார். நீங்க கணக்கு வாத்தியார், நீங்க சொல்லுங்க. போடலாமா, வேண்டாமா?"

அவனுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி அவனுக்கு மட்டும் உரியதல்ல. அதனால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டினால் பத்து லட்சம் சேரும். அதிலிருந்துதான் கம்பெனி சம்பளம் தர வேண்டும், ஏஜெண்டுக்குக் கமிஷன் தர வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். மிச்சம்தான் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகும். ஆக, சராசரி பார்த்தால் இன்சூரன்ஸ் போடுகிறவருக்கு நஷ்டம்தான். தண்டச் செலவு என்று சொல்லும் மச்சான் இதுவரை சரி.

ஆனால் நாம் யாரும் சராசரியாக வாழ்வதில்லை. ஆயிரம் பேரில் 999 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது, மிச்சமிருக்கும் அந்த ஒருவர் வீட்டுக்கு ஆறுதல் ஆகாது. அதனால் நான் கேட்கும் கேள்வி வேறு. "இது நடக்குமா?" என்று கேட்காதீர்கள். "நடந்தால் என் குடும்பம் தாங்குமா?" என்று கேளுங்கள். தாங்கும் என்றால் இன்சூரன்ஸ் வேண்டாம், கையிலிருந்தே கொடுத்துவிடலாம். தாங்காது என்றால் சாப்பாட்டுச் செலவைக் குறைத்தாவது போட்டுவிடுங்கள்.

இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ரயில். நம் ஊர்க்காரர்களுக்கு லீவு என்றாலே தாம்பரம் ஸ்டேஷன்தான். ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் போடும்போது காப்பீடு வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். ஆளுக்கு 45 பைசா. விபத்தில் உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் 10 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை, காயத்துக்கு மருத்துவமனைச் செலவு 2 லட்சம் வரை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போடுங்கள். ஆனால் பெரும்பாலானோர் அதற்கு அடுத்த வேலையைச் செய்வதில்லை. டிக்கெட் எடுத்ததும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் ஒரு இணைப்பு வரும். அதில் போய் நாமினி பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பணம் இல்லாமல் போகாது. ஆனால் துக்க வீட்டில் இருப்பவர்கள் வாரிசு என்று நிரூபிக்கக் காகிதத்தோடு அலைய வேண்டும்.

2023 ஜூன் 2-ஆம் தேதி சாயங்காலம் ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹானகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவில்லாத பெட்டிகளில் வந்தவர்களில் பலர் இங்கே கூலி வேலைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள். அவர்களுக்கு இந்த 45 பைசா காப்பீடு என்ற பேச்சே கிடையாது. இணையத்தில் எடுத்த, உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டுக்குத்தான் அது உண்டு. கவுண்டரில் எடுத்தாலோ, வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றாலோ இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1989 ரயில்வே சட்டப்படி, ரயில் விபத்தில் இறந்த பயணியின் குடும்பத்துக்கு இழப்பீடு தனியாக உண்டு. 2017 ஜனவரி முதல் அது 8 லட்சம். முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கும் பொருந்தும். ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்கு வருபவர்கள் ஊருக்கு ரயிலில்தான் போகிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, உள்நாட்டு விமானம். டிக்கெட் போடும் தளத்தில் ஆளுக்குச் சில நூறு ரூபாய் என்று ஒரு காப்பீடு நைசாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டி தாமதம், பயணம் தாமதம் என்று பட்டியல் நீளம். என் கருத்து, இது வேண்டாம். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் ஒரு வேட்டி சட்டை வாங்கிக்கொள்ளலாம். குடும்பம் தாங்கும். மருத்துவமனைச் செலவுக்கு நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மெடிக்கல் பாலிசி இந்தியாவுக்குள் பொதுவாக எங்கும் செல்லும். கிளம்பும் முன் ஒரு போன் செய்து, போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேரலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

"மழை வந்து ஏர்போர்ட்டை மூடிவிட்டால்?" என்று முடிச்சூர், வரதராஜபுரம்காரர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் மூடினார்கள். ஆனால் விமானமோ ரயிலோ அவர்களாகவே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். அதற்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. போவது ஹோட்டலுக்குக் கட்டிய பணம்தான். அது சில ஆயிரமா, ஒரு லட்சமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். போடுவதானால் டிக்கெட் எடுத்த கையோடு போடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்து டிவியில் காட்டிய பிறகு போடும் பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. எரிகிற வீட்டுக்கு யாரும் காப்பீடு தர மாட்டார்கள் அல்லவா?

இப்போது வெளிநாடு. இங்கேதான் என் பேச்சு மாறுகிறது. வெளிநாடு போனால் மருத்துவக் காப்பீடு போட்டே ஆக வேண்டும். ஐரோப்பாவில் ஷெங்கன் விசா கேட்டால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு அப்படிக் கேட்பதில்லை. கேட்காததாலேயே தேவையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நாம் வைத்திருக்கும் மெடிக்கல் பாலிசி பெரும்பாலும் கடல் தாண்டினால் செல்லாது. என்னைப் போன்ற பென்ஷன்காரர்களின் அரசுக் காப்பீட்டுத் திட்டமும் அங்கே உதவாது. சிங்கப்பூரில் அரசு ஆஸ்பத்திரியானாலும் வெளிநாட்டவருக்கு மானியம் இல்லை, முழுக் கட்டணம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இப்போது சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களுக்கு யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2018-இல் என் மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் சிங்கப்பூர் கிளம்பினார்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை. பாலிசி படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?' என்ற கேள்வி வந்தது. அவர் ஒன்பது வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். "மச்சான், உண்டுன்னு போட்டா பிரீமியம் ஏறும், டெஸ்ட் எடுக்கச் சொன்னாலும் சொல்வாங்க. இல்லைன்னு போட்டுடலாமா?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா மாப்பிள்ளை, பார்த்துப் போடுங்க" என்றார். போட்டேன்.

ஐந்தாம் நாள் தேக்காவில் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது இடது கை மரத்து, பேச்சு குழறியது. பக்கவாதம். ஆம்புலன்ஸ் வந்து உடனே சேர்த்தார்கள், உயிர் பிழைத்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. பில் பன்னிரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். நம் பணத்தில் அன்றைக்கு ஆறு லட்சத்தைத் தாண்டியது. கம்பெனி ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கேட்டு வாங்கியது. அதில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார், ஒன்பது வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்று. டாக்டரிடம் அவர் உண்மையைத்தானே சொல்வார்? கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'இல்லை' என்று எழுதியவன் நான். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று, விடை தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, பொய்யாக எழுதாதே என்று உங்களுக்கெல்லாம் சொன்னவன் நான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். அக்காவின் நகை பேங்க்கில் அடகுக்குப் போனது. என்னால் பாதிப் பணம்தான் கொடுக்க முடிந்தது. அவர் இன்றுவரை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உண்மையை எழுதியிருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பல பாலிசிகள் பழைய நோயைச் சேர்ப்பதில்லை. சில பாலிசிகள் பழைய நோயால் உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் மட்டும் ஒரு வரம்பு வரை தரும். ஆனால் உண்மையை எழுதியிருந்தால் எது உண்டு, எது இல்லை என்று போகும் முன்பே தெரிந்திருக்கும். அதற்கேற்ற பாலிசியைத் தேடியிருப்போம். பொய் எழுதியதால், பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பில் ஒன்றுமில்லாமல் அனுப்பி வைத்தேன்.

அதனால் வெளிநாடு போகிறவர்களுக்கு என் ஐந்து வார்த்தைகள்.

1. சுகர், பிரஷர், ஸ்டென்ட், தைராய்டு எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டிராவல்ஸ்காரர் "அதெல்லாம் வேண்டாம் சார்" என்பார். கையெழுத்து உங்களுடையது.

2. 'பழைய நோய்க்கு அவசர சிகிச்சை உண்டா, எவ்வளவு வரை?' இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். விலையை அப்புறம் பாருங்கள்.

3. பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்பதைப் பார்த்துப் பாலிசி எடுக்காதீர்கள். மருத்துவத் தொகை எவ்வளவு, அதில் முதலில் நாம் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள்.

4. பாலிசியில் உள்ள அவசர உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதி இரண்டு பேர் பையில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதல் போன் அவர்களுக்கு. பில், டாக்டர் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

5. நியாயமான கோரிக்கையை மறுத்தால் சும்மா விடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் படிவத்தில் பொய் இருந்தால் அங்கே போயும் பயனில்லை.

வீட்டுப் பெரியவர்கள் சிலர், கிளம்புகிற நேரத்தில் அபசகுனமாக இதையெல்லாம் பேசாதே என்பார்கள். அவர்கள்தான் காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள். அதுவும் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில்தானே? பழமும் வையுங்கள், படிவத்தையும் ஒழுங்காக நிரப்புங்கள்.

சேலையூர்க்காரன் கதைக்கு வருகிறேன். அவன் போனை வைக்கும் முன் மெதுவாகச் சொன்னான். "சார், அப்பாவுக்கு சுகர் இருக்கு. அவர், எனக்கு ஒண்ணும் ஆகாதுடா, எனக்கு எதுக்கு அவ்வளவு பணம், உங்க நாலு பேருக்கு மட்டும் போடுன்றார். அப்படிச் செஞ்சா செலவு பாதியாயிடும்." நான் சொன்னேன், "தம்பி, பணம் குறைக்கணும்னா ஒரு நாள் ஹோட்டலைக் குறை. பெட்டிக்குப் போடறதை எடுத்துடு. அப்பா அம்மாவுக்குப் போடறதுல மட்டும் கை வைக்காதே. போனை அப்பாகிட்ட கொடு."

அவரிடம் என் மச்சான் கதையைச் சொன்னேன். "ஐயா, இந்தப் பாலிசி உங்களுக்காக இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனா, வேற ஊர்ல, கையில பில்லோட நிக்கப்போறது உங்க பையன். அவனுக்காகப் போடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சுகர்னு எழுதிடச் சொல்றேன் சார்" என்றார்.

நேற்று அவன் பாலிசியை எனக்கு அனுப்பினான். ஆறு பேர் பெயரும் இருக்கிறது. அப்பா பெயருக்கு நேராக 'நீரிழிவு' என்றும் இருக்கிறது. பிரீமியம் இன்னும் எண்ணூறு ரூபாய் கூடிவிட்டதாம். அந்த எண்ணூறு வீணாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

எல்லோரும் நல்லபடியாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
மேற்கு தாம்பரம்.