பூட்டப்படுமுன் பிரதி எடுப்போம்

2017 யூன் மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் ‘வனாக்றை’ நச்சுநிரல் விக்ரோறிய மாநிலத்தின் வீதிக் கண்காணிப்புக் கமராக்களைப் பீடித்தது. பராமரிப்பாளர் செருகிய சிறு நினைவுக்கோலே அதனைக் காவிச் சென்றது. அந்நிரல் நுழையும் வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது.

கமராக்களைத் திருத்திவிடலாம். பூட்டப்படுவது, ஊரிலிருந்து கொண்டுவந்த குடும்பப் படங்களின் ஒரேயொரு பிரதியாயின்? பணயம் செலுத்தினாலும் அவை மீளுமென்பதற்கு உத்தரவாதமில்லை.

டண்டினோங் மலையடிவாரத்து த பேசினில் வாழ்வோர் காட்டுத்தீ மூளுமுன்னரே ஆயத்தமாவர். கணினிக்கும் அதுவே நியதி.

பெற்றோரே, இளையோரே! இவ்வார இறுதியில் ஒன்றாய் அமர்ந்து இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். கோப்புகளை வெளி வன்தட்டொன்றில் பிரதிசெய்து, அதனைக் கழற்றி வையுங்கள்; கணினியோடு இணைந்திருக்கும் பிரதியையும் நச்சுநிரல் பூட்டிவிடும். அறியாதோர் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறவாதீர்கள்.