வீடு யாருக்கோ, விபரமும் அவருக்குத்தான்

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போய் வந்த தோழர்களுக்கு நுரைச்சோலை வீட்டுத்திட்டம் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்த குடும்பங்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகள். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டி முடித்த வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து, சுற்றிக் காடு மண்டியது.

வழக்கின் சரி பிழையைப் பேச இதை எழுதவில்லை. ஒரு திட்டம் இழுபடும்போது பணம் கொடுத்த நாட்டுக்கு அறிக்கை போகிறது. அமைச்சுக்கும் கச்சேரிக்கும் கோப்பு போகிறது. வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன போகிறது? "இந்தா திறக்கப் போறாங்க" என்ற வாய்ப்பேச்சுதான்.

மலையகத்தில் நம் கதையும் இதேதான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி நமக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். கை தட்டினோம். அதன் முதற்கட்ட அடிக்கல் வைபவம் நடந்தது 2024 பெப்ரவரியில். இடையில் போன கிட்டத்தட்ட ஏழு வருடத்தில் என்ன நடந்தது, ஏன் தாமதம் என்று எந்தப் பிரட்டுக்களத்தில் யார் வந்து சொன்னார்கள்?

எல்லோருக்கும் ஒரே விபரம் தேவைப்படாது. பணம் தருபவருக்குக் கணக்கு வேண்டும். அமைச்சுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்பது வேண்டும். கம்பனிக்குக் காணி எல்லை வேண்டும். லயத்தில் இருப்பவர் கேட்பது வேறு: பட்டியலில் என் பெயர் இருக்கிறதா? எனக்குரிய காணி எந்த மலையில்? உறுதி யார் பெயரில், மனைவி பெயரும் சேருமா? தண்ணீரும் பாதையும் எப்போது? வேலை நின்றால் யாரிடம் கேட்பது? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத முன்னேற்ற அறிக்கை நமக்கு வெறும் காகிதம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டு நிதியில் 100,000 டொலர், உள்நாட்டு நிதியில் 500,000 ரூபா தாண்டிய திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தன்னிடமுள்ள விபரங்களை அறிவிப்பது அமைச்சரின் கடமை. அறிவிக்காவிட்டால் நாமே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த அலுவலகத்திலேயே மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

விபரம் தெரிந்தால் மட்டும் பூட்டு திறந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் தடை எங்கே என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

நம் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. "வருது, வருது" என்று நாமும்தான் சொல்லி வந்திருக்கிறோம். இனி மாதம் ஒருமுறை பிரட்டுக்களத்தில் தமிழில் ஒரு தாள் ஒட்டுவோம். பெயர்ப் பட்டியல், வேலை நிற்கும் கட்டம், தாமதத்தின் காரணம், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அதில் இருக்கட்டும். நமக்கே பதில் கிடைக்காத மாதம், "கேட்டோம், பதில் வரவில்லை" என்று திகதியோடு எழுதி ஒட்டுவோம்.