அவனுக்கு ஒன்பது வருஷம், நமக்கு நூற்று முப்பது



மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு மண்பாதையில் போன மாதம் நடந்து போனோம். நானும் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேரும். பாதைக்கு இந்தப் பக்கம் சேரி. அந்தப் பக்கம் பத்தடி மதில். மதிலுக்கு உள்ளே நீச்சல்குளம், பங்களாக்கள், வெளிநாட்டுப் புல். வாசலில் சீருடை போட்டு நின்ற காவலாளி நம்ம சேரிப் பையன்தான். “உள்ள விடமாட்டாங்கண்ணா, எங்க மேனேஜரு திட்டுவாரு” என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். மதிலைக் கைகாட்டிச் சொன்னார்: “அது எங்க மாமனாரு கழனிப்பா. மல்லாட்டை போட்டோம், அப்பறம் சவுக்கு வச்சோம். பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு ஊர்த்தெருக்காரருகிட்ட கடன் வாங்குனாரு எங்க ஆளு. வெறும் பத்திரத்துல கைநாட்டு வச்சாரு. அத்தோட போச்சு.” தகரப் பெட்டியிலிருந்து நாலு கிஸ்தி ரசீதுகளை எடுத்துக் காட்டினார். துருவேறிய காகிதம். ஊர்த்தெருக்காரரிடமிருந்து ஒரு புரோக்கருக்கு, புரோக்கரிடமிருந்து சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு, அந்தக் கம்பெனிக்குள் வெளிநாட்டுப் பணம் என்று நிலம் போன வழியை மாணவர்கள் விசாரித்து எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஒரு மாணவி கேட்டாள்: “வெளிநாட்டுக்காரங்க இந்தியாவுல நிலம் வாங்க முடியாதுன்னுதானே அண்ணா படிச்சோம்? அப்ப இது எப்படி?”

அவள் படித்தது தப்பில்லை. 1999-ம் வருட அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும் அதன் விதிகளும் வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டான் இங்கே நிலம் வாங்குவதைத் தடுக்கின்றன. வெளிநாடுவாழ் இந்தியன்கூட விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணைவீடோ வாங்க முடியாது. ஆனால் இந்தத் தடையெல்லாம் சதையும் ரத்தமும் உள்ள மனுஷனுக்கு. இங்கே பதிவு செய்த கம்பெனிக்கு இல்லை. அதன் பங்கு அத்தனையும் கடல் தாண்டி இருந்தாலும், நிலப்பத்திரம் எழுதும்போது சட்டத்தின் கண்ணுக்கு அது இந்தியக் கம்பெனி. ஆள் வர முடியாது, அவன் பணம் வரலாம்.

அந்தப் பணத்துக்குக் கதவு திறந்தது 2005-ல். அந்த வருஷத்து 2-ம் எண் பத்திரிகைக் குறிப்பு குடியிருப்பு நகரங்கள், வீடுகள், கட்டுமானத் திட்டங்களில் 100 சதவீதம் அன்னிய முதலீட்டை, முன்அனுமதி கேட்க வேண்டாம் என்று சொல்லி, அனுமதித்தது. மனைப்பிரிவு என்றால் குறைந்தது 25 ஏக்கர், கட்டடம் என்றால் 50,000 சதுர மீட்டர், முழு அன்னியக் கம்பெனி என்றால் ஒரு கோடி டாலர் என்று நிபந்தனைகள் இருந்தன. 2014-ல் 50,000 சதுர மீட்டர் 20,000 ஆனது. 2015-ல் பரப்புக் கணக்கும் பணக் கணக்கும் இரண்டுமே போயின. ஓட்டல், சுற்றுலாவுக்கு 100 சதவீதம் முன்பே திறந்துதான் கிடந்தது. வெறும் நிலத்தை வாங்கி விற்கிற வியாபாரத்துக்கு மட்டும் தடை இருக்கிறது. நாலு பங்களா கட்டினால் அது ‘வளர்ச்சித் திட்டம்’. (நாட்டின் நிலத்தைப் பற்றிய இவ்வளவு பெரிய முடிவுக்குப் பெயர் பத்திரிகைக் குறிப்பு! உழுகிறவனிடம் கேட்க வேண்டாம், பாராளுமன்றத்தில் மசோதாகூட வேண்டாம்.)

இந்தக் குறிப்புகளை உட்கார்ந்து படித்தேன். எத்தனை டாலர் வர வேண்டும், எத்தனை வருஷம் கழித்துத் திருப்பி எடுத்துப் போகலாம் என்பதெல்லாம் அக்கறையாக எழுதியிருக்கிறது. நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் இல்லை. மாநில விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று ஒரு வாசகத்தோடு தில்லி கை கழுவிக்கொள்கிறது.

சரி, மாநிலம் என்ன செய்கிறது? அதற்கு 1892-க்குப் போக வேண்டும்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் பறையர்களின் நிலைமை பற்றி 1891-ல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையும் இயக்கத்தில் உள்ளவர்களுக்குப் பாடம். மாணவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். அப்படி ஒப்படைத்த நிலத்தைப் பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து நம் மக்களுக்கே கொடுக்கலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லி வருகிற கணக்கு. அதைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணை நிலப்போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். இந்த மதில் நிற்பதும் அதே பழைய செங்கல்பட்டு மண்ணில்தான்.

அந்த நிபந்தனை இன்றும் சாகவில்லை. ஆனால் கம்பெனி வக்கீலின் கண்ணில் அது படுவதே இல்லை. ஏன்? அவர் கேட்பது முப்பது வருஷ வில்லங்கச் சான்று. நம் நிபந்தனை நூறு வருஷம் தாண்டியது, சார்பதிவாளர் ஆபீஸ் புத்தகத்தில் ஏறாதது. அது கிடப்பது கிராமக் கணக்கில், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில், தாலுகா ஆபீஸ் பரணில். நடுவில் 1979-லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்று பட்டா திருத்தும் வேலை நடந்தது. அப்போது ஊர்த்தெருவில் உட்கார்ந்து அனுபவதாரர் பெயரை எழுதினார்கள். ஆயாவின் மாமனார் பெயர் போய் கடன் கொடுத்தவர் பெயர் வந்தது அப்போதுதான். முப்பது வருஷம் பின்னோக்கிப் பார்க்கிற வக்கீலுக்கு அந்தப் பெயருக்கு முன்னால் யாருமே இல்லை. ‘வில்லங்கமற்ற நிலம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

அதற்கு மேல் இன்னொரு தந்திரம். கம்பெனியின் பெயருக்கு நிலம் வந்த பிறகு, நிலத்தை விற்கவே வேண்டியதில்லை. கம்பெனியின் பங்கை விற்றால் போதும். மொரீசியஸில் ஒரு கம்பெனி இன்னொன்றுக்குப் பங்கைக் கைமாற்றிவிட்டால், மண்ணின் எஜமான் மாறிவிடுகிறான். நம் சார்பதிவாளர் ஆபீசில் ஒரு வரி ஏறாது. ஆயாவின் பேரன் எந்த வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அந்தப் பெயர் கிடைக்காது.

கர்நாடகத்தில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை நிபந்தனை மீறி வாங்கினால் செல்லாது, அசல் குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்ற 1978-ம் வருடச் சட்டம். நிலம் வாங்கியவர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1984-ல் மஞ்சேகவுடா வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லை. திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஆண்டும் இல்லை. வருவாய் வாரிய நிலையாணையை வைத்துக்கொண்டு தாசில்தாரின் தயவில் நிற்கிறோம்.

ஆனால் கர்நாடகக் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. 2017-ல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சட்டம் வந்து சுமார் 25 வருஷம் கழித்து மனுப் போட்டிருக்கிறார்கள், நியாயமான காலத்துக்குள் வரவில்லை, ஆகவே நிலம் திரும்பாது. இதைக் காட்டியே அங்கே எத்தனையோ தலித் குடும்பங்களின் மனுக்கள் தள்ளுபடி ஆயின. போராடிப் போராடி, 2023-ல் கர்நாடகச் சட்டமன்றம் காலவரம்பு கிடையாது என்று திருத்தம் செய்தது. எழுத்தறிவில்லாதவன், பண்ணையாரிடம் கூலி வேலை செய்கிறவன், அந்தப் பண்ணையார் மேலேயே வழக்குப் போட ஏன் தாமதமாக வருகிறான் என்று கேட்கிற நீதிபதிக்கு என்ன பதில் சொல்வது?

தாமதம் என்ற இந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதே வார்த்தை வேறு ஒருவருக்குப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்பது ஆஸ்திரேலியக் கம்பெனி. 1989-ல் கோல் இந்தியாவோடு நிலக்கரிச் சுரங்க ஒப்பந்தம் போட்டது. தகராறு வந்து 2002-ல் நடுவர் தீர்ப்பு அதற்குச் சாதகமானது. அந்தத் தீர்ப்பை இங்கே நிறைவேற்றப் போனபோது நம் நீதிமன்றங்கள் ஒன்பது வருஷத்துக்கு மேல் இழுத்தன. கம்பெனி என்ன செய்தது? நாடுகளுக்கிடையேயான முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் காட்டி, இந்திய அரசின் மேலேயே சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டது. இந்தியா குவைத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியை இரவல் வாங்கி வாதாடியது. 2011 நவம்பரில் தீர்ப்பு: நீதி கிடைக்க இவ்வளவு தாமதமானதே ஒப்பந்த மீறல், நாற்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடு.

நிலக்கரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்த ஒப்பந்தங்கள் சுரங்கத்துக்கு மட்டுமானவை அல்ல. ஓட்டலும் பங்களாவும் முதலீடுதான். நாளைக்கே ஒரு நேர்மையான கலெக்டர் பஞ்சமி நிபந்தனையைக் காட்டி அந்த மதிலுக்குள் இருக்கும் நிலத்தை எடுக்கிறார் என்று வையுங்கள். உள்ளூர்ப் பணக்காரன் என்றால் உயர்நீதிமன்றம் போவான். அன்னியப் பணம் என்றால், அதன் நாட்டோடு நமக்கு ஒப்பந்தம் இருந்தால், ‘என் சொத்தைப் பறித்துவிட்டார்கள்’ என்று வெளியிலும் போகலாம். ஒயிட் தீர்ப்பில் சூடுபட்ட பிறகு இந்தியா பழைய ஒப்பந்தங்கள் பலவற்றை முறித்தது. 2015-ல் எழுதிய மாதிரி ஒப்பந்தத்தில், ஐந்து வருஷம் உள்ளூர் நீதிமன்றத்தில் நின்ற பிறகே வெளியே போகலாம் என்றது. 2024-ல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கையெழுத்தானதில் அது மூன்று வருஷமாகக் குறைந்தது. மூன்று வருஷத்தில் நம் ஆயாவின் மனு தாலுகா ஆபீசிலிருந்து கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போயிருக்குமா?

நீதிமன்றம் தாமதித்தால் கம்பெனிக்கு நட்டஈடு. நாம் தாமதித்தால் நமக்குத் தள்ளுபடி.

அதற்காக வழக்கு மன்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து தீவைப் பாருங்கள். குவைத் பணம் சேர்ந்த காப்பிகோ ரிசார்ட் அங்கே 54 வில்லாக்கள் கட்டியது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியது என்று, காயலில் வலை ஊன்றிப் பிழைக்கும் மீனவர்கள் வழக்குக்குப் போனார்கள். 2013-ல் கேரள உயர்நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். ஜெயிக்க முடியும். ஆனால் அங்கே அடித்தது கடலோர விதி என்ற சுற்றுச்சூழல் சட்டம், நிலச்சட்டம் அல்ல. நம் மதில் கடலிலிருந்து 500 மீட்டர் தாண்டி நிற்கிறது. அதை அசைக்க நம்மிடம் இருப்பது பஞ்சமிக் காகிதம்தான்.

2013-ம் வருட நிலமெடுப்புச் சட்டத்திலும் ஒரு வேடிக்கை. பொதுநோக்கப் பட்டியலில் தனியார் ஓட்டலை விலக்கிவிட்டு, கொஞ்சம் கீழே ‘சுற்றுலாத் திட்டம்’ என்று சேர்த்திருக்கிறார்கள். முன்வாசலைச் சாத்தி பின்வாசலைத் திறந்த கதை. ஆனால் அதே சட்டத்தின் 41-ம் பிரிவு, விதிகளை மீறிக் கைமாறிய பட்டியல் சாதியினர் நிலத்தின் விற்பனை செல்லாது, நிலம் எடுக்கப்பட்டால் மறுவாழ்வுப் பயன்கள் அசல் சொந்தக்காரருக்கே என்கிறது. இதை நம் வக்கீல்களே அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. தமிழ்நாடு அரசு தன் 1997-ம் வருட தொழில் நிலமெடுப்புச் சட்டத்தை 2019-ல் மறுபடி உயிர்ப்பித்து, அந்த மத்தியச் சட்டத்துக்கு வெளியே ஒரு பாதை வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஆகவே மதில் எழும்புவதற்கு முன்னால் காகிதத்தை எடுக்க வேண்டும். மாணவர்களுக்கு இதுதான் வேலை. ஒரு கிராமத்தைப் பிடியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அ பதிவேட்டின் நகலையும், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தச் சர்வே எண்ணில் பெயர் மாறியிருக்கிறது என்று குறியுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். கரையான் தின்றது என்பார்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் ஒரு நகல் சார்பதிவாளருக்கு, ஒரு நகல் கம்பெனிக்கே பதிவுத் தபாலில். பஞ்சமி நிலம் என்று கடிதம் கையில் வாங்கிய பிறகு, தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. ஆவணத்தைத் திருத்தி நம் நிலத்தைப் பிடித்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஃப்) பிரிவிலும் வரும். 2015 திருத்தம் ஆவணப் புரட்டை அதில் தெளிவாகவே சேர்த்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட போலீஸ் மறுக்கும். மறுப்பது புதுசா நமக்கு?

கர்நாடகம் மாதிரி, காலவரம்பில்லாத ஒரு பஞ்சமி நில மீட்புச் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்பதை எல்லாக் கூட்டங்களிலும் முதல் தீர்மானமாக வையுங்கள். கம்பெனியின் பங்கு கைமாறினாலும் நிலம் கைமாறியதாகவே கருதப்படும் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத சட்டத்தால் இந்த மதிலுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஐந்து மாணவர்களும் போன வாரம் மறுபடி போய் ஆயாவின் நாலு ரசீதுகளையும் நகல் எடுத்து வந்தார்கள். பழைய சர்வே எண் ஒன்றில் தெளிவாகத் தெரிகிறது. வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கிறோம், நீங்களும் வர வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது, ஆயா கேட்டாராம்:

“பஸ்ஸு எத்தினி மணிக்குப்பா?”