ஓடாத காரின் பெறுமதி

மோட்டார்க் கார் ஓடுவதற்கென ஆக்கப்பட்டது. ஆயின், சேகரிப்போர் சந்தையில் ஓடாமையே அதன் விலையை உயர்த்துகின்றது. 1995 ஆம் ஆண்டின் மக்லாரன் எஃப்1 கார் ஒன்று, 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டொலருக்கு மேல் விலைபோயிற்று. 26 ஆண்டுகளில் அது ஓடிய தூரம் 400 கிலோமீற்றருக்கும் குறைவு. அவ்வினக் காரொன்று 1998 இல் மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது! ஒரு மணிநேர ஓட்டம் கால் நூற்றாண்டாய்ப் பூட்டிவைக்கப்பட்டு, செல்வந்தர் திரளும் ஏல வாரத்தில் விற்கப்பட்டது. இதனைக் கலைப் பாதுகாப்பு என்போர் உளர். நெல்லைப் பதுக்கி விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் வணிகனை உழவின் காவலன் என்பாருண்டோ? தொழிலாளர் உழைப்பால் விளைந்த பயன்பெறுமதியை முடக்கிப் பரிவர்த்தனைப் பெறுமதியைப் பெருக்குவது பாதுகாப்பன்று, பதுக்கலேயாகும்.